பதினேழு வயது மகனை எங்கே அனுப்புவது? 1906-ல் ஒரு கறுப்பினத் தகப்பன் முன்னிருந்த நான்கு வழிகள்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் இரண்டு பெருந்தலைவர்களில் புக்கர் டி. வாஷிங்டன் சரியா, டபிள்யூ. ஈ. பி. டூ பாய்ஸ் சரியா? அமெரிக்க வரலாறு படிக்கிறவர்கள் பட்டிமன்றத் தலைப்பு மாதிரி இதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். 'முதலில் தொழில் கற்றுக்கொள், காசு சேர், மதிப்பு தானாக வரும், உரிமை அதன் பின்னால் வரும்' என்கிறது வாஷிங்டன் அணி. 'உரிமை இல்லாதவன் சேர்த்த காசு அவனுடையதே இல்லை' என்கிறது டூ பாய்ஸ் அணி. இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாக நடுவர் சொல்ல, கூட்டம் கைதட்டிக் கலைகிறது.

அன்றைக்கு உண்மையில் முடிவெடுக்க வேண்டியிருந்தவர் மேடையில் இல்லை. அவர் பருத்திக் காட்டில் நின்றுகொண்டிருந்தார். எனவே கேள்வியை அவர் பக்கம் திருப்பிப் பார்க்கலாம்.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஜார்ஜியா மாநிலம், 1906-ன் கோடை. நிலக்காரருக்கு அறுவடையில் பங்கு கொடுத்து, வாரக்குடியாகப் பருத்தி பயிரிடும் கறுப்பினக் குடும்பம். விதை, உரம், மாவு, துணி எல்லாமே கடன். அறுவடைப் பங்கு போக, கடனும் வட்டியும் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது சொற்பம், பல வருடங்களில் அதுவும் இல்லை. கணக்கு எழுதுவது நிலக்காரர். எதிர்த்துக் கேட்க ஓட்டும் இல்லை, நீதிமன்றமும் இல்லை. மூத்த மகனுக்குப் பதினேழு வயது, எழுதப் படிக்கத் தெரியும். இவனையும் காட்டிலேயே விடக்கூடாது என்று தகப்பன் தீர்மானித்துவிட்டார். எங்கே அனுப்புவது?

நான்கு இடங்கள் கண்ணில் படுகின்றன. அலபாமாவில் வாஷிங்டன் நடத்தும் டஸ்கீகி தொழிற்பள்ளி. டூ பாய்ஸ் பாடம் நடத்தும் அட்லாண்டா பல்கலைக்கழகம். பர்மிங்ஹாம் நகரத்து நிலக்கரிச் சுரங்கமும் இரும்பாலையும். கடைசியாக, புல்மன் கம்பெனியின் படுக்கை ரயில் பெட்டியில் பயணிகளுக்குப் பணிவிடை செய்யும் போர்ட்டர் வேலை.

என் அளவுகோலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எந்தத் தலைவரின் பேச்சு உயர்ந்தது என்று நான் பார்க்கப் போவதில்லை. ஒவ்வொரு வழியும் யாருடைய பணத்தில் ஓடுகிறது, அந்தப் பணக்காரர் இந்தப் பையனிடம் என்ன எதிர்பார்க்கிறார், என்றைக்காவது அவரை எதிர்க்க வேண்டி வந்தால் பையன் கையில் ஏதாவது பிடி இருக்குமா என்பதைத்தான் பார்க்கப் போகிறேன். காரணம், அதற்கு முந்தைய இருபது வருடங்களில் அமெரிக்கப் பணம் மிகச் சில கைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. டஸ்கீகி என்றாலும் அட்லாண்டா என்றாலும் அந்தக் கைகளைத் தாண்டிப் போக முடியாது.

எட்டு நாள் இடைவெளியில் இரண்டு சட்டங்கள்

1890 ஜூலை 2-ல் ஷெர்மன் சட்டம் கையெழுத்தானது. வணிகத்தை முடக்கும் கூட்டுகளும், போட்டிக் கம்பெனிகளை ஒரே பிடிக்குள் கொண்டுவரும் டிரஸ்டுகளும் சட்டவிரோதம் என்றது. எட்டு நாள் கழித்து, ஜூலை 10-ல், ரயிலில் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனிப் பெட்டி என்று லூசியானா சட்டம் போட்டது. ஒன்று பெரிய கம்பெனிகளைக் கட்டிப்போட வந்தது, மற்றது கறுப்பின மக்களைக் கட்டிப்போட வந்தது. இரண்டும் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. முதல் சட்டம் பல் பிடுங்கப்பட்டுத் திரும்பியது. இரண்டாவது பல்லும் நகமுமாகத் திரும்பியது.

1895 ஜனவரியில் சர்க்கரை டிரஸ்ட் வழக்கில் தீர்ப்பு வந்தது. நாட்டின் சர்க்கரைச் சுத்திகரிப்பில் சுமார் 98 சதவீதம் ஒரே கம்பெனியிடம் இருந்தது. உற்பத்தி வேறு, வணிகம் வேறு, இந்தச் சட்டம் வணிகத்துக்கு மட்டும்தான் என்று சொல்லி நீதிமன்றம் அதை விட்டுவிட்டது. 1896 மே மாதம், லூசியானாவின் தனிப் பெட்டிச் சட்டத்தை எதிர்த்த ஹோமர் பிளெஸ்ஸியின் வழக்கில், தனிப் பெட்டி சமத்துவத்துக்கு விரோதமில்லை என்று தீர்ப்பானது. இரண்டு வழக்கிலும் மற்றவர்களோடு சேராமல் தன்னந்தனியாக மறுப்பு எழுதிய நீதிபதி ஒருவரே. ஜான் மார்ஷல் ஹார்லன், கென்டக்கிக்காரர், அடிமைகளை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர்.

அடிமைத்தளையிலிருந்து வந்தவர்களுக்குச் சம பாதுகாப்பு தருவதற்காக 1868-ல் வந்தது பதினான்காவது திருத்தம். 1886-ல் ஒரு ரயில்வே கம்பெனியின் வரி வழக்கு வந்தபோது, இந்தத் திருத்தம் கம்பெனிகளுக்கும் பொருந்தும், அதைப் பற்றி வாதமே கேட்க வேண்டியதில்லை என்று தலைமை நீதிபதி ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். பத்து வருடம் கழித்து அதே திருத்தத்தைக் காட்டி பிளெஸ்ஸி நீதி கேட்டபோது அவருக்குக் கிடைக்கவில்லை. ரயில்வே கம்பெனிக்குப் பொருந்திய சட்டம் அந்த ரயிலில் ஏறிய மனிதனுக்குப் பொருந்தாமல் போயிற்று.

பருத்திக் காட்டுத் தகப்பனுக்கு இந்த வழக்குகளின் பெயர் தெரிந்திருக்காது. அவற்றின் பலன் அவர் வாசலுக்கே வந்திருந்தது.

டஸ்கீகி: கையில் காசில்லாதவனுக்குத் திறந்த கதவு

காசில்லாத வீட்டுக்கு முதலில் தோன்றும் இடம் இதுதான். பகலில் பள்ளியின் வயலிலோ பட்டறையிலோ வேலை செய்து, அந்தக் கூலியைச் செலவுக்கு வைத்துக்கொண்டு இரவில் படிக்கலாம். வேறெங்கும் இவ்வளவு எளிதாக ஒரு வாரக்குடியின் மகன் நுழைய முடியாது. டஸ்கீகிக்கு இந்த மதிப்பெண்ணைக் கொடுத்துவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

வாஷிங்டன் 1856-ல் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். 1881-ல் டஸ்கீகியைத் தொடங்கினார். கட்டடம் எழுப்பச் செங்கல் வேண்டும், வாங்கக் காசில்லை. மாணவர்களை வைத்துச் சூளை போட்டார். மூன்று சூளைகள் வீணாயின. தன்னிடம் இருந்த கடிகாரத்தை அடகு வைத்து நான்காவதைப் போட்டார். அது வெந்தது. அந்தச் செங்கல்லை வாங்க வெள்ளையரும் வந்தார்கள். அவருடைய கொள்கை முழுவதும் இந்தச் சூளையிலிருந்து பிறந்ததுதான்: நல்ல செங்கல் செய்கிறவனிடம் யாரும் நிறம் பார்க்க மாட்டார்கள்.

1895-ல் அட்லாண்டா கண்காட்சியில் வெள்ளையரும் இருந்த பெருங்கூட்டத்தில் அவர் பேசினார். சமூகப் பழக்கத்தில் விரல்கள்போல் தனித்தனியாக இருக்கலாம், முன்னேற்றத்தில் ஒரே கையாக இருக்கலாம் என்றார். தொழிற்சாலையில் ஒரு டாலர் சம்பாதிக்கும் வாய்ப்பு, இசை அரங்கில் ஒரு டாலர் செலவழிக்கும் வாய்ப்பைவிட இப்போதைக்குப் பெரியது என்றார். வேலைநிறுத்தம் செய்யாமல் உழைத்தவர்கள் எங்கள் மக்கள் என்றும் நினைவுபடுத்தினார். அந்தக் கடைசி வாக்கியம் யார் காதுக்காகச் சொல்லப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். மூன்று வருடம் முன்னால் ஆண்ட்ரூ கார்னகியின் ஹோம்ஸ்டெட் இரும்பாலையில் வேலைநிறுத்தம் துப்பாக்கிச் சண்டையில் முடிந்திருந்தது. முந்தைய வருடம்தான் புல்மன் வேலைநிறுத்தத்தை அடக்க ராணுவம் இறங்கியது.

காதுள்ளவர்கள் கேட்டார்கள். 1903-ல் கார்னகி டஸ்கீகிக்கு 6,00,000 டாலர் கொடுத்தார். ரொக்கமாக அல்ல, யு.எஸ். ஸ்டீல் கம்பெனியின் கடன் பத்திரங்களாக. 1901-ல் கார்னகியின் ஆலைகளையும் மற்றவர்களின் ஆலைகளையும் சேர்த்து உருவான கம்பெனி அது, 100 கோடி டாலர் மூலதனத்தைத் தாண்டிய முதல் நிறுவனம். ஸ்டாண்டர்ட் ஆயில் என்ற எண்ணெய்க் கம்பெனியின் அதிபர் ராக்ஃபெல்லர் பெயரில் வளாகத்தில் ஒரு கட்டடம் எழுந்தது. டஸ்கீகியின் அறங்காவலர்களில் ஒருவர் வில்லியம் பால்ட்வின் என்ற ரயில்வே அதிகாரி. ராக்ஃபெல்லர் பணத்தில் தொடங்கிய பொதுக் கல்வி வாரியத்துக்கும் அவர்தான் முதல் தலைவர். கடின உழைப்பைக் கறுப்பினத்தவர் பார்த்துக்கொண்டால் வெள்ளைத் தொழிலாளி திறன் வேலைக்குப் போகலாம் என்பது அவர் கருத்து. ஒளிக்காமல் பேசியிருக்கிறார்.

இதை வைத்து வாஷிங்டனை விலைபோனவர் என்று சொல்லிவிடுவது சுலபம், ஆனால் அது முழு உண்மை இல்லை. 1901-ல் அலபாமா புது அரசியல் சட்டம் எழுதி, கறுப்பின வாக்காளர் எண்ணிக்கையை மாநிலம் முழுவதற்கும் சுமார் 3,000 என்ற அளவுக்குக் கீழே தள்ளியது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போன வழக்குகளுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்தவர் இதே வாஷிங்டன்தான். மேடையில் பணிவு, மறைவில் வழக்கு. அப்படிப்பட்ட மனிதரை எனக்கு எளிதில் வெறுக்க முடியவில்லை. ஆனால் ரகசியமாகச் செய்ய வேண்டியிருந்தது என்பதே அந்தப் பணத்தின் நிபந்தனையைக் காட்டிவிடுகிறது.

டஸ்கீகியிடம் எனக்குள்ள பெரிய சிக்கல் அரசியல் பணிவு அல்ல, பொருளாதாரக் கணக்கு. கொல்லுப்பட்டறை, வண்டிச் சக்கரம், சேணம் தைத்தல், செருப்பு, தச்சு என்று அங்கே கற்றுக்கொடுத்தவை ஒரு சிற்றூர்க் கைவினைஞன் சொந்தமாகப் பட்டறை வைத்துப் பிழைக்கும் உலகத்துக்கானவை. அதே வருடங்களில் அந்த உலகம் கரைந்துகொண்டிருந்தது. ஆணியும் கம்பியும் ஆலையிலிருந்து மலிவாக இறங்கின, செருப்பு மெஷினில் தைக்கப்பட்டது. பையன் முழுத் தொழிலும் கற்று 1910-ல் வெளியே வரும்போது அந்தத் தொழிலை நடத்துகிறவர், அந்தப் பள்ளிக்கு நன்கொடை கொடுத்தவராகவோ அவர் கூட்டாளியாகவோ இருப்பார். டஸ்கீகியில் படித்தவர்களில் பலர் கடைசியில் பட்டறை வைக்காமல் கிராமப் பள்ளி ஆசிரியர்களாகப் போனார்கள். பள்ளியின் உண்மையான விளைச்சல் அதுதான் என்று நினைக்கிறேன். நல்ல விளைச்சல், ஆனால் விளம்பரப் பலகையில் இருந்தது வேறு.

'காசு சேர்த்தால் மதிப்பு வரும்' என்ற வாக்குறுதிக்கு மெம்பிஸ் நகரம் 1892-லேயே பதில் சொல்லியிருந்தது. தாமஸ் மாஸ் என்ற தபால்காரரும் நண்பர்களும் கூட்டாக மளிகைக் கடை வைத்தார்கள். வாடிக்கை நன்றாகவே வந்தது, எதிரே இருந்த வெள்ளையர் கடைக்குப் போட்டி ஆயிற்று. தகராறு மூட்டப்பட்டு, மாஸும் இரண்டு கூட்டாளிகளும் சிறையிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய தோழியான பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் இதைத்தான் பிறகு உலகம் முழுவதும் எடுத்துச் சொன்னார்: கும்பல் கொலைக்குச் சொல்லப்படும் காரணம் ஒன்று, உள்ளே இருப்பது பல நேரம் கடைப் போட்டி. அவருடைய அச்சகத்தையும் அடித்து நொறுக்கினார்கள்.

அதே சமயம், வாஷிங்டனின் கணக்கு பலித்த இடங்களும் உண்டு. பெரிய முதலீடு எங்கே வர மறுத்ததோ அங்கே கறுப்பின வியாபாரம் வேர்விட்டது. 1881-லேயே புரூடென்ஷியல் காப்பீட்டுக் கம்பெனி அதே சந்தாவுக்குக் கறுப்பினத்தவருக்கு மூன்றில் ஒரு பங்கு குறைத்துக் கொடுப்பது என்று முடிவு செய்திருந்தது. அந்த இடைவெளியில் கறுப்பினக் காப்பீட்டுக் கம்பெனிகள் எழுந்தன. சவ அடக்கம், முடி திருத்தகம், பத்திரிகை, கூந்தல் தைலம் எல்லாம் இப்படி வந்தவைதான். துணி துவைத்துப் பிழைத்த மேடம் சி. ஜே. வாக்கர் கூந்தல் தைலம் விற்றுப் பெரும் பணக்காரர் ஆனார். 1912-ல் வாஷிங்டன் நடத்திய கறுப்பின வணிகர் சங்கத்தின் மாநாட்டில் அவருக்குப் பேச இடம் தரவில்லை, எழுந்து நின்று தானாகவே பேசினார் என்பது தனிக்கதை.

அட்லாண்டா பல்கலைக்கழகம்: லத்தீனும் கணக்கெடுப்பும்

டூ பாய்ஸ் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1868-ல் சுதந்திர மனிதராகப் பிறந்தவர். 1895-ல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். 1897-ல் அட்லாண்டாவுக்கு வந்து, தென்னாட்டுக் கறுப்பின வாழ்க்கையை ஊர் ஊராக, வீடு வீடாகக் கணக்கெடுத்தார். 1903-ல் வெளியான கட்டுரைத் தொகுப்பில் வாஷிங்டனைப் பெயர் சொல்லி விமர்சித்தார். ஓட்டுரிமை, சிவில் சமத்துவம், திறமைக்கேற்ற கல்வி, இந்த மூன்றையும் கேட்பதை நிறுத்தச் சொல்கிறவரோடு உடன்பட முடியாது என்பது சாரம். பத்தில் ஒருவருக்காவது உயர்கல்வி கிடைத்தால் அவர்கள் மற்றவர்களைத் தூக்கிவிடுவார்கள் என்றும் வாதாடினார். மீதி ஒன்பது பேர் எவ்வளவு காலம் காத்திருப்பது என்று நம் தகப்பன் கேட்டால் டூ பாய்ஸிடம் அப்போது தெளிவான பதில் இல்லை.

இந்த வழியின் குறை பணம்தான். ஜார்ஜியா மாநிலம் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வருடம் 8,000 டாலர் நிதி கொடுத்துவந்தது; வெள்ளை ஆசிரியர்களின் பிள்ளைகள் கறுப்பின மாணவர்களோடு சேர்ந்து படித்த குற்றத்துக்காக அது 1887-ல் நின்றுபோயிற்று. நிபந்தனைக்குத் தலையாட்டியிருந்தால் கிடைத்திருக்கும், அவர்கள் ஆட்டவில்லை. பெரும் பணக்காரர்களின் நன்கொடையும் தொழிற்பள்ளிகள் பக்கமே சாய்ந்தது. டூ பாய்ஸ் இருப்பதாலேயே பல்கலைக்கழகத்துக்கு வர வேண்டிய பணம் தயங்கியது. 1910-ல் அவர் அங்கிருந்து விலகியதற்கு இதுவும் ஒரு காரணம். 1905 ஜூலையில் நயாகராவின் கனடா கரையில் 29 பேரைக் கூட்டி அவர் தொடங்கிய உரிமை இயக்கமும் காசில்லாமல் சில வருடங்களில் ஓய்ந்தது.

எல்லா ஏகபோகப் பணமும் ஒரே நிறம் என்று நான் சொல்லவில்லை. அதே அட்லாண்டாவில் கறுப்பினப் பெண்களுக்கான ஸ்பெல்மன் கல்வி நிலையம் ராக்ஃபெல்லர் உதவியில் வளர்ந்தது. அவருடைய மனைவியின் குடும்பப் பெயர் அது, அடிமை முறையை எதிர்த்து நின்ற குடும்பம். நம் தகப்பனுக்கு மகளும் இருந்தால் அங்கே விசாரிக்கச் சொல்வேன்.

அட்லாண்டா பல்கலைக்கழகத்தின் பலம் மெதுவாகத்தான் தெரியவந்தது. 1909-ல் டூ பாய்ஸும் மற்றவர்களும் சேர்ந்து தொடங்கிய, கறுப்பினத்தவர் உரிமைக்கான என்.ஏ.ஏ.சி.பி. என்ற சங்கம், வழக்கு மேல் வழக்காகப் போட்டுத் தனிப் பெட்டிச் சட்டத்தின் அஸ்திவாரத்தையே அரித்தது. அந்த அமைப்பைப் பின்னாளில் நடத்தியவர்களில் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சனும் வால்டர் வைட்டும் இந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். டூ பாய்ஸ் ஆசிரியராக இருந்து 1910-ல் தொடங்கிய 'தி கிரைசிஸ்' பத்திரிகை 1919-க்குள் சுமார் ஒரு லட்சம் பிரதி போயிற்று. யாருடைய தயவுமில்லாமல் வாசகர் கொடுத்த சில்லறையில் ஓடிய பத்திரிகை. என் அளவுகோலில் இது பெரிய விஷயம்.

பர்மிங்ஹாம்: கூலி நிஜம், ஆபத்தும் நிஜம்

இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. பருத்திக் காட்டைவிடச் சுரங்கத்தில் கூலி அதிகம், அதுவும் கையில் ரொக்கமாக. ஆனால் அலபாமாவில் கைதிகளைச் சுரங்கக் கம்பெனிகளுக்கு வாடகைக்கு விடும் முறை நடந்துகொண்டிருந்தது. வேலையில்லாமல் சுற்றினான், கடன் அடைக்கவில்லை என்று ஏதாவது சொல்லிப் பிடிப்பார்கள். அபராதம் கட்ட முடியாதவன் நிலக்கரி வெட்டப் போவான். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். டென்னசி நிலக்கரி, இரும்புக் கம்பெனி 1888-லிருந்து இப்படிக் கைதிகளை எடுத்துக்கொண்டது. அந்தக் கம்பெனியை 1907-ல் வாங்கியது யு.எஸ். ஸ்டீல். ஆமாம், டஸ்கீகிக்கு வட்டி கட்டிக்கொண்டிருந்த அதே யு.எஸ். ஸ்டீல். அதே மாநிலத்தில் ஒரு பையன் பள்ளியில் படிக்கும் வட்டிக்கும் இன்னொரு பையன் சங்கிலியோடு வெட்டும் நிலக்கரிக்கும் கணக்கு ஒரே பேரேட்டில் முடிந்தது.

இதிலும் ஒரு நல்ல செய்தி உண்டு. சுரங்கத் தொழிலாளர் சங்கம் அலபாமாவில் இரு நிறத்தாரையும் சேர்த்துக்கொண்டது. அக்கால வெள்ளைத் தொழிற்சங்கங்களில் இது அபூர்வம். 1908-ல் அவர்கள் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தபோது ஆளுநர் படையை அனுப்பி, தொழிலாளர் தங்கியிருந்த கூடாரங்களை வெட்டிச் சாய்த்து முடித்துவைத்தார். 1911 ஏப்ரலில் பானர் சுரங்க வெடிப்பில் 128 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் கறுப்பினக் கைதிகள். பதினேழு வயதுப் பையனை நான் இங்கே அனுப்ப மாட்டேன்.

புல்மன் பெட்டி: 'ஜார்ஜ்' என்று கூப்பிடுவார்கள்

ஜார்ஜ் புல்மன் 1867-ல் தொடங்கிய கம்பெனி, ரயிலில் படுக்கை வசதிப் பெட்டிகளைத் தானே செய்து, தன் ஆட்களோடு ரயில்வேக்களுக்கு ஓட்டியது. உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலையானவர்களையே போர்ட்டர்களாகத் தேடி எடுத்தார்கள். வீட்டு வேலைக்காரன் மாதிரி பணிவாக இருப்பார்கள், குறைந்த கூலிக்கு வருவார்கள் என்பதே காரணம். 1899-ன் கடைசியில் வாக்னர் என்ற முக்கியமான போட்டிக் கம்பெனியையும் வாங்கியதும் படுக்கைப் பெட்டித் தொழில் புல்மனின் ஏகபோகமாயிற்று.

வேலை அவமானமானது. பயணிகள் போர்ட்டரை 'ஜார்ஜ்' என்றே அழைப்பார்கள். அடிமையை எஜமானின் பெயரால் கூப்பிட்ட பழக்கத்தின் மிச்சம். சம்பளம் 1915-ல்கூட மாதம் 27.50 டாலர்தான், மீதிக்கு டிப்ஸை நம்ப வேண்டும். பயணிகளின் ஷூவுக்குப் போடும் பாலிஷையும் போர்ட்டரே வாங்க வேண்டும். ரயில் கிளம்புமுன் பெட்டியைத் தயார்செய்யும் நேரத்துக்குக் கூலி இல்லை. 1897 முதல் 1911 வரை இந்தக் கம்பெனியின் தலைவர் ராபர்ட் டாட் லிங்கன். ஆம், ஆபிரகாம் லிங்கனின் மகன்.

பிறகு ஏன் இதைப் பட்டியலில் வைத்தேன்? இங்கே ஏகபோகம் தனக்கே ஒரு பலவீனத்தை உண்டாக்கிக்கொண்டது. நாடு முழுவதும் ஒரே முதலாளி. போர்ட்டர் வேலை முழுக்கக் கறுப்பினத்தவருக்கே ஒதுக்கப்பட்டிருந்ததால், நிறம் பார்த்துக் கதவடைக்க அந்த வேலையில் வெள்ளைத் தொழிற்சங்கம் இல்லை. 1894-ல் புல்மனை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த அமெரிக்க ரயில்வே யூனியன்கூட, தலைவர் யூஜின் டெப்ஸ் விரும்பாதபோதும், கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை என்று சொற்ப வாக்கு வித்தியாசத்தில் முடிவெடுத்தது. சேர்த்திருந்தால் அந்தப் போராட்டம் எப்படி முடிந்திருக்கும் என்று யோசிக்கத் தோன்றுகிறது. அப்புறம், போர்ட்டர் ஊர் ஊராகப் போகிறவன். சிகாகோவில் 1905-ல் தொடங்கிய 'டிஃபென்டர்' பத்திரிகையைத் தென்னாட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் இவர்கள்தான். எந்த ஊரில் வேலை இருக்கிறது, எந்த ஊரில் அடிக்கிறார்கள் என்ற செய்தியும் இவர்கள் வாய்வழியே போயிற்று.

1925 ஆகஸ்ட் 25-ல் நியூயார்க்கின் ஹார்லமில் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் போர்ட்டர்களின் சங்கத்தைத் தொடங்கினார். அவர் ஒருநாளும் போர்ட்டராக இருந்ததில்லை, எனவே கம்பெனியால் அவரை வேலையிலிருந்து நீக்க முடியவில்லை! கம்பெனி உளவாளிகளை வைத்தது, போட்டிக்குத் தானே ஒரு சங்கம் நடத்தியது, சங்கத்தில் சேர்ந்தவர்களை வெளியே அனுப்பியது. பன்னிரண்டு வருடம் கழித்து, அதே ஆகஸ்ட் 25-ல், 1937-ல் புல்மன் கையெழுத்திட்டது. மாத வேலை நேரம் 240 மணி ஆனது. ஒரு பெரிய அமெரிக்கக் கம்பெனி கறுப்பினத் தொழிற்சங்கத்தோடு போட்ட முதல் ஒப்பந்தம் அது. 1955-ல் பஸ்ஸில் நிறப் பாகுபாட்டை எதிர்த்து அலபாமாவில் நடந்த மான்ட்கோமரி பஸ் புறக்கணிப்பை முன்னின்று ஏற்பாடு செய்தவர்களில் ஒருவரான ஈ. டி. நிக்சன் இந்தச் சங்கத்துப் போர்ட்டர்தான்.

1906-ல் இதெல்லாம் நடக்கவில்லை, தகப்பனுக்குத் தெரிய வழியில்லை என்பது சரி. ஆனால் அதன் ஒரு சாயலை அவர் பார்த்திருக்கலாம். 1900-க்கும் 1906-க்கும் இடையில் தென்னாட்டின் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட நகரங்களில் கறுப்பின மக்கள் டிராமைப் புறக்கணித்து நடந்தே போனார்கள். ஒரு ஊருக்கு ஒரே டிராம் கம்பெனி என்பதால் அடி எங்கே விழ வேண்டும் என்பதில் குழப்பமில்லை. ரிச்மண்டில் 1904-ல் புறக்கணிப்பு தொடங்கிய அதே வருடம் கம்பெனி திவாலாயிற்று, புறக்கணிப்பு மட்டுமே காரணமில்லை என்றாலும். தனி இருக்கைச் சட்டத்தை அவர்களால் ஒழிக்க முடியவில்லை. பிடி எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுகொண்டார்கள்.

சரி, எங்கே அனுப்புவது?

பர்மிங்ஹாம் வேண்டாம். மீதி மூன்றையும் ஒன்றுக்கொன்று எதிரியாக நான் பார்க்கவில்லை, வரிசையில்தான் கவனம் வேண்டும்.

வீட்டில் ஒரு டாலர்கூட மிஞ்சவில்லை என்றால் டஸ்கீகிதான். ஆனால் சக்கரம் செய்யவும் சேணம் தைக்கவும் சேர வேண்டாம். ஆசிரியப் பயிற்சிக்கோ, ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரின் வேளாண்மை வகுப்புக்கோ போகட்டும். ஆலை விழுங்க முடியாத அறிவு அந்த இரண்டில் இருக்கிறது.

கொஞ்சமாவது தேற்ற முடியும் என்றால் அட்லாண்டா. தேற்றும் வழி புல்மன். புல்மன் வேலையையே வாழ்க்கையாக நினைத்தால் இருபது வருட 'ஜார்ஜ்' காத்திருக்கிறது. படிப்புச் செலவுக்காகச் சில கோடைகள் மட்டும் என்றால் கதை வேறு. தென் கரோலினாவில் பருத்தி பயிரிட்ட குடும்பத்தில் 1894-ல் பிறந்த பெஞ்சமின் மேஸ் கிட்டத்தட்ட இதைத்தான் செய்தார். அவருடைய தகப்பனாருக்குப் படிப்பில் நம்பிக்கை கிடையாது, மகன் காட்டில் நிற்க வேண்டும் என்பது அவர் விருப்பம். மேஸ் புல்மன் போர்ட்டராகவும் வேலை பார்த்துப் படித்தார். பின்னாளில் அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரிக்குத் தலைவரானார், அங்கே அவரிடம் வந்த மாணவர்களில் ஒருவர் மார்ட்டின் லூதர் கிங்.

வாஷிங்டனா டூ பாய்ஸா என்று தேர்ந்தெடுக்கவே மறுத்த ஒருவரும் அட்லாண்டாவில் இருந்தார். அடிமையாகப் பிறந்த அலோன்சோ ஹெர்ன்டன், வெள்ளையருக்கு முடி வெட்டியே பணக்காரர் ஆனவர், 1905-ல் காப்பீட்டுக் கம்பெனியும் தொடங்கினார். வாஷிங்டனின் வணிகர் சங்கத்திலும் இருந்தார், டூ பாய்ஸின் நயாகரா கூட்டத்துக்கும் போனார். 1906 செப்டம்பர் 22-ல் அட்லாண்டாவில் வெள்ளைக் கும்பல் கறுப்பினத்தவரைத் தேடித் தேடி அடிக்கத் தொடங்கியது. நான்கு நாட்களில் குறைந்தது இருபத்தைந்து கறுப்பினத்தவர் கொல்லப்பட்டார்கள். ஹெர்ன்டனின் கடைக் கண்ணாடிகளும் நொறுங்கின. அலபாமாவில் கணக்கெடுப்பில் இருந்த டூ பாய்ஸ் அவசரமாக வீடு திரும்பி, மனைவிக்கும் மகளுக்கும் காவலாகத் துப்பாக்கியோடு வாசற்படியில் உட்கார்ந்தார். பதின்மூன்று வயது வால்டர் வைட் தன் அப்பாவோடு இருட்டில் ஜன்னலோரம் காத்திருந்தான். ஹெர்ன்டன் கடையைச் சரிசெய்துகொண்டு தொடர்ந்தார், காப்பீட்டுக் கம்பெனியும் வளர்ந்தது.

ஆக, நம் தகப்பனுக்கு என் யோசனை அட்லாண்டாதான். மகனுக்கு ரயில் டிக்கெட் எடுப்பதை மட்டும் அக்டோபருக்குத் தள்ளி வைக்கச் சொல்வேன். ஏன் என்று கேட்டால், அந்தக் கோடையில் அவருக்குச் சொல்லிப் புரியவைக்க என்னிடம் காரணம் எதுவும் இருக்காது.